மேனேஜர் கூவாத இரண்டு காலைகள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததால் இடுப்பு ஒடியாமல் வீடு வந்து சேர்ந்தேன். உன் அண்ணிக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி எந்த நிலையில் இருக்கிறது என்பதை உடன் தெரிவிக்கவும்.

போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தால் நான் மட்டுமே பேசுகிறேனாம். ஆகவே இக்கடிதம். கால்நடை மருத்துவமனையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எழுதுவதில் சோம்பல் கிடையாது.

உன் வீட்டில் ஒரு வாரம் தங்கியதில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. உன் சேவலைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். தையல் மிஷினை நீ நிறுத்தினால் வாசற்படியில் வந்து நின்று கத்துகிறது என்பதற்காக அதற்கு மேனேஜர் என்று பட்டம் கொடுத்து, பெற்ற பிள்ளைபோல் பூரிக்கிறாய். அது என் கட்டிலுக்கு நேரே ஜன்னலுக்கு வெளியே நின்று, பொழுது விடியுமுன் தொண்டை கிழியக் கூவுகிறது. போதாக்குறைக்கு ஒருநாள் என்னைத் துரத்தி, துணி துவைக்கும் கல்மேல் ஏற வைத்தது. பக்கத்து வீட்டு டிரைவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்ததை நான் மறக்கவில்லை.

ஆனால் கடைசி இரண்டு காலைகள் மேற்படி மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. நானும் வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினேன். அதற்கும் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது போலிருக்கிறது.

காலர் திருப்பித் தைக்கச் சொல்லி, நீலக்கோடு போட்ட சட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்தேன் அல்லவா? யோசித்துப் பார்த்தால் காலர் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. தைக்கவும் வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். அப்படியே பார்சலில் அனுப்பிவிடு.

உன் நலம் நாடும் அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

நீயும் அண்ணியும் நலம் என்று நீயே எழுதிவிட்டதால் நான் கேட்கும் வேலை மிச்சம். என் முட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மேனேஜர் செத்துப்போய்விட்டது.

நீ பஸ் ஏறிய அன்று மத்தியானம். மரியாதை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அந்த மரியாதையோடுதான் போனது. நீ இருந்த கடைசி இரண்டு நாளும் அது கூவவில்லை என்பதை நானும் கவனித்தேன். நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டது. மிஷினை நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கத்துவதற்கு மனமில்லாமல் மறுபடி தொங்கப்போட்டது. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது எலுமிச்சை மரத்தடியில் படுத்திருந்தது. மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை.

அழுதேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

இப்போது என் பயமெல்லாம் மற்ற கோழிகளைப் பற்றி. மொட்டைக்கழுத்தி, புள்ளிக்காரி, சாம்பல்காரி, நொண்டி, பக்கத்து வீட்டு டிரைவர் கொடுத்த பேர் வைக்காத கறுப்பி, ஐந்தும் அதோடு ஒரே தட்டில் தின்றவை. தொற்று நோயாக இருந்தால் ஒன்றுகூட மிஞ்சாது என்கிறார்கள். இங்குள்ள கால்நடை டாக்டரம்மா லீவில் இருக்கிறாள், மாத நடுவில்தான் வருவாளாம். அதுவரைக்கும் மேனேஜரை, தைத்து மிஞ்சிய பள்ளிச் சீருடைத் துணியில் சுற்றி, பிரிஜ்ஜின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அவள் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்து, அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லச் சொல்வேன்.

நீ அங்கே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான். இருந்தாலும் முப்பது வருஷம் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்தவன். கதவிடுக்கு வழியாகவாவது காதில் ஏதாவது விழுந்திருக்கும். உன்னைக் கேட்காமல் செய்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாய். அதனால் கேட்கிறேன்.

சட்டை கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எங்கும் ஓடிவிடாது.

தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தை நினைத்துத்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இது கழிச்சல் நோயின் முற்றிய வகை. தூங்கித் தூங்கியே சாகும், அதுதான் அடையாளம். இந்த மாதிரி எத்தனை கேஸ் பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து மேற்படி சேவலை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதே. அங்கே இப்போது இருப்பவர்கள் நேற்றுப் படித்துவிட்டு வந்தவர்கள். அறுத்துப் பார்த்து எதையாவது உளறுவார்கள். அதோடு விஷயம் மேலிடத்துக்குப் போனால் வண்டி கட்டிக்கொண்டு வந்து தெருவில் உள்ள அத்தனை கோழியையும் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் அந்தத் தெருவில் உன்னிடம் துணி தைக்க யார் வருவார்கள்? ஆகவே இன்றே ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிடு. மற்ற ஐந்தையும் ஒழித்துவிடு. முட்டை இருந்தால் அதையும் எறிந்துவிடு. நோய் தட்டில், தரையில், துணியில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கொதிநீரில் போடு.

சட்டையை இன்னும் அனுப்பவில்லையே? அதைக் கொதிநீரில் போடாதே. அப்படியே அனுப்பு.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

நான் நலமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கோழிகள் நலமாக இருக்கின்றன. அதுதான் விஷயம்.

நீ சொன்னபடி மேனேஜரைப் புதைத்துவிட்டேன். டிரைவர் குழி தோண்டினார், சுண்ணாம்பு நான் கொட்டினேன். நீ சொன்னதற்காகக்கூட இல்லை, தெருவில் மற்றவர்களுடைய கோழிகளுக்கு வம்பு வரக்கூடாது என்பதற்காக. டாக்டரம்மா லீவு முடிந்து வந்தாலும் கொண்டுபோக என்னிடம் இனி ஒன்றுமில்லை.

ஆனால் மற்றவற்றை ஒழி என்கிறாயே, அவை வாளி வாளியாகத் தின்கின்றன. நொண்டிகூடச் சுவர் ஏறுகிறது. சாம்பல்காரிக்கு மட்டும் கொஞ்சம் கழிகிறது. புள்ளிக்காரி அடைக்குப் படுத்துவிட்டாள். மிஷினுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியில், வெட்டுத்துணி மேல், மேனேஜர் இருந்தபோது இட்ட முட்டைகளை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கை வைத்தால் கொத்துகிறாள்.

உன் வைத்தியத்தில் எனக்கு ஒன்று புரியவில்லை. நோய் துணியில் ஒட்டும் என்கிறாய். எல்லாத் துணியையும் கொதிக்க வை என்கிறாய். உன் சட்டையை மட்டும் அப்படியே அனுப்பு என்கிறாய். உன் துணிக்கு நோய் பயப்படுமா? டோக்கன் டாக்டர் என்று நம் அப்பா உனக்குப் பேர் வைத்தது சும்மா இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் ஆடும் சாகும், மாடும் சாகும்.

சரி, கிண்டலை ஓரமாக வைக்கிறேன். விடிந்தால் இந்த வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. மிஷினை நிறுத்தினால் யாரும் வந்து கேட்பதில்லை. இந்த ஐந்தும் போனால் நான் இருக்கிறேனா செத்தேனா என்று பார்க்கக் கொல்லையில் ஒரு ஜீவனும் இருக்காது. அதனால் ஒரே ஒரு கேள்வி, அண்ணனாக நினைத்துக் கேட்கிறேன். இது நோய்தான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாதென்றால் தெரியாது என்று எழுது. உன்னைக் கேலி செய்ய மாட்டேன். நிச்சயம் என்றால், வைத்திருந்து அவை ஒவ்வொன்றாகத் துடித்துச் சாவதை நான் பார்க்க மாட்டேன். நானே முடித்துவிடுவேன்.

உடனே பதில் போடு.

தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம்.

நிச்சயம்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் தலைவலி காய்ச்சல் ஏதும் இல்லாதிருக்கட்டும்.

எல்லாம் முடிந்தது. டிரைவர்தான் செய்தார். முதலில் மாட்டேன் என்றார். "நல்லா இருக்குற கோழிய ஏம்மா?" என்று கேட்டார். எங்கள் அண்ணன் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவர், அவர் நிச்சயம் என்று எழுதியிருக்கிறார் என்றேன். உன் பேருக்கு இங்கே இருந்த மதிப்பைப் பார், உடனே கொல்லைக்குப் போனார்.

கறுப்பி அவர் கொடுத்தது என்று சொன்னேன் அல்லவா? அதைக் கடைசியாகப் பிடித்தார்.

அவர் கொல்லையில் இருந்தபோது நான் உள்ளே மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். துணி வைக்கவில்லை. நூலும் கோக்கவில்லை. சத்தம் கேட்கக்கூடாது என்று வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து முடிந்துவிட்டது என்றதும் நிறுத்தினேன். வாசற்படியில் யாரும் வந்து கத்தவில்லை.

வேறு விசேஷம் இல்லை. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே. நானும் எழுதுவதாக இல்லை.

தங்கை


ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

எழுதாதே என்று எழுதினால் அண்ணன்காரன் எழுதாமல் இருப்பானா? இங்கு நலமே. நீயும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

நீ செய்ததுதான் அறிவுள்ள காரியம். நோய் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. டிரைவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும், நோயைப் பிடிக்கத் தெரியுமா? உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்களுக்கே எல்லாம் கொஞ்சம் அதிகம். கோழி என்ன, வயிற்றில் பிறந்ததா? கடையில் தொங்குவதைப் பார்த்துவிட்டு நாம் பாட்டுக்கு நடந்து போவதில்லையா? ஒரு மாதம் போனால் மறந்துவிடும். கோழி கூவித்தான் பொழுது விடிகிறதா என்ன! ஒரு கடிகாரம் வாங்கி வைத்துக்கொள். அதற்குத் தீனி போட வேண்டியதில்லை.

நான் இப்போது எடுத்துக்கொள்ளும் மாத்திரையில் நல்ல தூக்கம் வருகிறது.

சட்டை ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

நீ நலமாக இருப்பாய். உன்னைப்போன்றவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். நானும் சாகவில்லை.

எல்லாம் முடிந்தது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். நான்குதான் முடிந்தன. டிரைவர் வந்து எத்தனை என்று கேட்டபோது நான்கு என்று சொல்லிவிட்டேன். மிஷினுக்கு அடியில் புள்ளிக்காரி முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் மிதித்த மிதியில் வீடே அதிர்ந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. நோய் வந்தால் நானும் அவளும் சேர்ந்து சாவோம் என்று விட்டுவிட்டேன். ஏழு குஞ்சு பொரித்தாள். ஒன்றைக் காக்கை கொண்டுபோயிற்று. மற்ற ஆறும் கொல்லையைக் கிளறிக்கொண்டு திரிகின்றன.

போன வாரம் டாக்டரம்மா தெருவில் வீடு வீடாகத் தடுப்பூசி போட வந்தாள். நேற்றுப் படித்துவிட்டு வந்தவள் என்று நீ சொன்னவள்தான். இந்த வீட்டில் நோய் வந்து சேவல் செத்தது, நான்கு கோழிகளைக் கொன்றுவிட்டோம் என்று நானே ஒத்துக்கொண்டேன். அவள் புள்ளிக்காரியைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, அலகைப் பிரித்துப் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். நேற்று திரும்பி வந்தாள்.

"உங்க வீட்டுக்கு எந்த நோயும் வரலைம்மா. வந்திருந்தா அந்த வாரமே எல்லாம் போயிருக்கும். யார் சொல்லி கொன்னீங்க?"

"எங்க அண்ணன்."

"அவர் டாக்டரா?"

"டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருந்தவர்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஒன்னு மட்டும் செத்து மத்ததெல்லாம் நல்லா இருந்திருந்தா, அது எதையோ தின்னு செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதைத் தின்றிருக்கும் என்று யோசித்தேன். நூலா, பித்தானா, ஊசியா? என் கவனக்குறைவால்தான் செத்ததோ என்று ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் அது கடைசியாக யார் கையில் தின்றது என்று யோசித்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக அதற்கு பிஸ்கட் கொடுத்தாய். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நான் டிரைவரிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

காலையில் எழுந்து உன் சட்டையை எடுத்தேன். தைக்கிறவள் எந்தத் துணியைத் தொட்டாலும் முதலில் பையைத்தான் பார்ப்பாள். இத்தனை மாதம் அதைத் தொடாமல் வைத்திருந்தது உன்மேல் எனக்கிருந்த அலட்சியம். பையில் உன் தூக்க மாத்திரை அட்டை. கூடவே ஒரு பிஸ்கட், நடுவில் குழிபறித்து மாத்திரையை அழுத்தி வைத்து, மூன்றாம் காலைக்கென்று தயாராக. எறும்புகூட அதைத் தொடவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பிஸ்கட்டில் மறைத்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். தூக்கம் வேண்டுமென்றால் மாத்திரையை நீ போட்டுக்கொண்டிருக்கலாமே அண்ணா. ஒரு சேவலுக்குப் பயந்து, அதனோடு சண்டை போடவும் தைரியமில்லாமல், திருட்டுத்தனமாகத் தூங்க வைத்த ஆம்பிளை இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய்.

அதைக்கூட விட்டுவிடுவேன். சாகும் என்று உனக்குத் தெரிந்திருக்காது. உனக்கு என்னதான் தெரியும்! ஆனால் நிச்சயமா என்று நான் கேட்டேன். தெரியாது என்று எழுதினால் கேலி செய்ய மாட்டேன் என்றும் எழுதினேன். உன் மானம் ஒரு பக்கம், என் கோழிகள் ஒரு பக்கம். நீ ஒரே வார்த்தை எழுதினாய். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். கூடப்பிறந்தவன் மிதித்தால் எல்லாம் சாகும்.

இத்துடன் உன் சட்டை பார்சலில் வருகிறது. காலரைத் திருப்பியிருக்கிறேன். கையிலெடுத்த வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கமில்லை. பையில் இருந்தது பையிலேயே இருக்கிறது. அதன் வாயை மட்டும் இரட்டைத் தையல் போட்டு மூடிவிட்டேன்.

அண்ணிக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் மரியாதைக்காக.

தங்கை


ஆகஸ்ட் 2

அன்பு நாத்தனாருக்கு,

உங்கள் முட்டிவலிக்குத் தைலம் அனுப்ப வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோகிறேன். எனக்கு வழக்கமான சர்க்கரை தவிர வேறொன்றுமில்லை. உங்கள் அண்ணனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் அனுப்பிய சட்டை வந்த நாளிலிருந்து மனிதர் சரியில்லை. காலர் புதிதுபோல் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பை தைத்து மூடியிருக்கிறதே, கை தவறித் தைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பிரித்துத் தருகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். "தொடாதே" என்று ஒரு கத்து கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கத்தியதில்லை. சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மாத்திரையை நிறுத்திவிட்டார். தூக்கமே கிடையாது. விடியும் நேரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். எதற்கு என்று கேட்டால், "ஒன்னும் கேக்கலையே" என்கிறார். என்ன கேட்க வேண்டும் என்றால் மறுபடி ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொள்கிறார். யாரைப் பார்த்தாலும் நாட்டு நடப்பு, மாட்டு நோய் என்று பிடித்துக்கொள்பவர், இப்போது வாயே திறப்பதில்லை. உங்களுக்குள் என்ன நடந்தது? அவரைக் கேட்டால், தங்கச்சியையே கேள் என்கிறார்.

என்றும் உங்கள் அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். தைலம் வேண்டாம், உங்கள் அன்பே போதும்.

அந்தப் பை கை தவறித் தைத்ததல்ல. எனக்கு ஒருநாளும் தையலில் கை தவறியதில்லை. அதைப் பிரிக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அவர் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபது வருஷமாகத் திறந்திருந்த வாய், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். உங்களுக்கும் அது ஓய்வுதான்.

தூக்கமில்லாவிட்டால் யாரும் செத்துப்போவதில்லை. தூங்கித்தான் சாகிறார்கள். இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள். அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள், உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அன்புடன் நாத்தனார்


செப்டம்பர் 14

தங்கைக்கு,

நான் இருக்கிறேன். அண்ணி சுகம். இங்கே இரண்டு நாளாக மழை.

எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன்.

கோழிகள் சௌக்கியமா?

அண்ணன்


செப்டம்பர் 20

அண்ணா,

மூன்றே வரியில் நீ எழுதிய முதல் கடிதம் இது. மார்ச்சில் எழுதிய ஒரே வார்த்தையை நான் கடிதமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு நானும் சொல்கிறேன், நான் சௌக்கியம். இத்தனை வருஷமாக எனக்குக் கடிதம் எழுதுகிறாய், என் கோழிகளை நீ சௌக்கியம் விசாரித்தது இல்லை. அவை சௌக்கியம். மொட்டைக்கழுத்தி, சாம்பல்காரி, நொண்டி, கறுப்பி நான்கும் எலுமிச்சை மரத்தடியில் மேனேஜர் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆறு குஞ்சில் ஒன்று சேவல். போன வாரம் முதல் கூவ ஆரம்பித்திருக்கிறான். கூவுகிறானா, தொண்டையில் முள் சிக்கிக்கொண்டதா என்று டிரைவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பனின் குரலில் கால்வாசிகூட இல்லை. ஆனால் நேற்று நூல் அறுந்து நான் மிஷினை நிறுத்தினேன். வாசற்படியில் வந்து நின்று, கழுத்தை நீட்டி, என்னைப் பார்த்து ஒரு கத்து கத்தினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நூலைக் கோக்கவே கொஞ்ச நேரம் எனக்குக் கண் தெரியவில்லை. அவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கடிதத்தில் நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். எழுத உட்கார்ந்தால் உனக்கு மழைதான் ஞாபகம் வரும். அதனால் நேரில் வா. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. பையை இங்கே வைத்து, என் முன்னால், உன் கையால் பிரி. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எலுமிச்சை மரத்தடியில் போய்ச் சொல்.

கட்டில் அதே ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. விடியுமுன் கூவுவான். எழுந்து உட்கார்ந்து கேள்.

யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தாள். பிஸ்கட் நான் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வெறுங்கையோடு வா.

தங்கை